பட்டறைக் காப்புறுதி: எக்ஸஸில் பிடிவாதம், தொகையில் கஞ்சத்தனம்

செம்பனை ஆலையும் தோட்டமும் இருக்கும்வரை போர்டிக்சன் வட்டாரத்து லேத் பட்டறைகளுக்கு வேலை இருக்கும். தேய்ந்த ஷாஃப்டில் வெல்டிங் ஏற்றிக் கடைவதும் டிராக்டருக்கு புஷ் போடுவதுமாகப் பொழுது போய்விடும். காப்புறுதிப் பாலிசியை ஆண்டுக்கு ஒரு முறைதான் கையில் எடுக்கிறோம். அப்போதும் "எவ்வளவு கட்டணும்?" என்பதைத் தாண்டி எதுவும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுவதால் வேரூன்றிய நம்பிக்கைகள் சில.

நம்பிக்கை: எக்ஸஸ் குறைவாக இருந்தால்தான் நல்ல பாலிசி.

உண்மை: இழப்பில் முதல் பங்காக நம் கையிலிருந்து போகும் தொகைதான் எக்ஸஸ். அது குறைந்தால் பிரிமியம் ஏறும். எக்ஸஸை 2,000 வெள்ளியிலிருந்து 10,000 ஆக்கினால் ஆண்டுக்கு 1,600 வெள்ளி மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் கூடுதலாகச் சுமப்பது 8,000. ஐந்து ஆண்டு சேதமில்லாமல் ஓடினால் கணக்கு நேராகிவிடும். மிச்சம் வெறும் 400 என்றால் அதற்கு இருபது ஆண்டு ஆகும், மாற்றவே வேண்டாம். சம்பளப் பணத்தையும் வங்கித் தவணையையும் தொடாமல் ஒரே வாரத்தில் எவ்வளவு புரட்ட முடியுமோ, எக்ஸஸ் அதற்கு மேல் போகக்கூடாது. இது பொதுவாக ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனி. ஒரே ஆண்டில் இரண்டு முறை தண்ணீர் புகுந்தால் இரண்டு முறை கழிப்பார்கள்.

நம்பிக்கை: பட்டறை முழுதும் ஒரே நாளில் போகாது, பாதித் தொகைக்குப் போட்டால் போதும்.

உண்மை: கிளேய்ம் பெரும்பாலும் அடிபடுவது இங்கேதான். 4 லட்சம் வெள்ளி பெறும் எந்திரங்களை 2 லட்சத்துக்குக் காட்டியிருந்தால், மீதிப் பாதிக்கு நீங்களே காப்புறுதியாளர் என்று நிறுவனம் எடுத்துக்கொள்ளும். 80,000 வெள்ளி சேதமானால் 40,000 தான் தேறும். அதிலும் எக்ஸஸ் கழியும். பழைய லேத்தை வாங்கிய விலைக்கே எழுதிவைப்பதும் ஆபத்து. புதிது வாங்கித் தரும் பாலிசியா, தேய்மானம் கழித்துத் தரும் பாலிசியா என்று கேட்டுவிட்டுத் தொகையை எழுதுங்கள்.

நம்பிக்கை: தீக் காப்புறுதி இருந்தால் வெள்ளம், வெடிப்பு எல்லாம் அடங்கும்.

உண்மை: மலேசியாவின் அடிப்படைத் தீப் பாலிசி தீ, மின்னல், வீட்டு உபயோக எரிவாயுவால் வரும் வெடிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடும். மூலையில் நிற்கும் அசிட்டிலின் சிலிண்டர் வீட்டு உபயோகம் அல்ல. வெடிப்பு, வெள்ளம், புயல் ஒவ்வொன்றையும் கூடுதல் பிரிமியம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். 2021 வெள்ளத்தில் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அதில் உற்பத்தித் துறையின் பங்கு மட்டும் சுமார் 900 மில்லியன்.

நம்பிக்கை: மோட்டார் கருகினாலும் தீக் காப்புறுதியில் கிடைக்கும்.

உண்மை: ஷார்ட் சர்க்யூட்டாலோ அதிக மின்னழுத்தத்தாலோ கருகிய அந்த மோட்டாருக்கு வழக்கமாகத் தரமாட்டார்கள், அதிலிருந்து தீ பரவி எரிந்த மற்றவற்றுக்குத்தான் தருவார்கள். சிஎன்சி எந்திரம் வைத்திருப்பவர்கள் எந்திரப் பழுதுக் காப்புறுதியைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

நம்பிக்கை: பட்டறைக்குள் இருக்கும் எல்லாமே என் பாலிசியில் சேரும்.

உண்மை: ஆலைக்காரர் பழுதுபார்க்கக் கொடுத்த ஸ்குரூ பிரெஸ் திருகு உங்கள் சொத்து அல்ல. பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருள்கள் என்று பாலிசியில் எழுத்தில் இல்லாவிட்டால், அது எரிந்தால் கைக்காசைத்தான் போட வேண்டும். ஒரே நேரத்தில் பட்டறையில் கிடக்கக்கூடிய வாடிக்கையாளர் பொருள்களின் அதிகபட்ச மதிப்பைத் தொகையில் சேருங்கள்.

நம்பிக்கை: சொக்சோ கட்டுகிறோம், அடிபட்டால் கவலையில்லை.

உண்மை: சொக்சோ உங்கள் தொழிலாளிக்கு. வேலை கொடுக்க வந்த தோட்டத்து டிரைவரின் கண்ணில் இரும்புத் தூள் தெறித்தால் அதற்கு வேண்டியது பொதுப் பொறுப்புக் காப்புறுதி. அதன் உச்சவரம்பு ஒரு விபத்துக்கா, ஆண்டு முழுமைக்குமா, வழக்குச் செலவு அதற்குள்ளா வெளியிலா என்ற மூன்றையும் கேளுங்கள்.

மொத்தத்தில் நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறோம். சில்லறைச் சேதத்துக்கு எக்ஸஸே வேண்டாம் என்கிறோம். பட்டறையையே மூடவைக்கும் சேதத்துக்குத் தொகையைக் குறைக்கிறோம். தாங்கக்கூடியதை நாம் தாங்கி, தாங்க முடியாததை நிறுவனத்தின் தலையில் வைப்பதற்குப் பெயர்தான் காப்புறுதி. அடுத்த முறை பாலிசியைப் புதுப்பிக்கும் முன், எந்திரப் பட்டியலை இன்றைய விலையோடு எழுதி, ஏஜென்டிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.