தண்ணீர்த் தோம்பும் கிருமிப் படலமும்

தண்ணீர் பிடித்து வைக்கும் தோம்பின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று வழுக்குகிறதா? "தண்ணி தெளிவாத்தானே இருக்கு!" என்று விட்டுவிடக் கூடாது. அது கிருமிகள் கட்டிக்கொண்ட வீடு. 'பயோஃபிலிம்' என்பது விஞ்ஞானப் பெயர். நாம் கிருமிப் படலம் என்போம்.

தண்ணீரில் மிதக்கும் கிருமி சுவரில் ஒட்டியதும் பசை சுரந்து, அதற்குள் கூட்டமாகப் பெருகும். பல்லில் படியும் அழுக்கும் இதே இனம்தான்.

பரிசோதனைக் கூடத்தில் 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் கிருமியை வளர்க்கிறார்கள். பிறகு நீரைக் கொட்டிக் கழுவி, ஒட்டி நிற்பதற்கு ஊதாச் சாயம் ஏற்றுகிறார்கள். சாயம் எவ்வளவு அடர்த்தியோ, படலமும் அவ்வளவு. ஒரே கிருமிதான், உணவும் சூடும் மாறினால் படலமும் மாறுகிறது.

புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிக்குக் குளுக்கோஸ் சேர்த்தால், பெரும்பாலும் படலம் தடிக்கிறது. குடலில் வாழும் ஈ.கோலை வேறு மாதிரி. உடம்புச் சூடான 37 டிகிரியில் அதன் பல வகைகள் ஒட்டும் நார்களை விடுவதில்லை. சூடு 30 டிகிரிக்குக் கீழே இறங்கி, உணவும் உப்பும் குறைந்தால் நார் விட்டுப் பிடித்துக்கொள்கின்றன. நிழலில் நிற்கும் தோம்புத் தண்ணீர் ஏறக்குறைய அந்த நிலைதான்!

பால் வாளியைக் கழுவாமல் விட்டால் மறுநாள் பால் சீக்கிரம் உறைந்துபோகும். பால்மரம் வெட்டுவோருக்கு இது தெரியும். அதுவும் கிருமியின் வேலையே. வாளிக்குக் காட்டும் அக்கறையைக் குடிதண்ணீருக்கும் காட்டுவோம்.

"குளோராக்ஸ் ஊத்தினா போதாதா?" போதாது. மிதக்கும் கிருமி சாகும். பசைக்குள் இருப்பது தப்பித்து, மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். அதில் நோய்க்கிருமி இருந்தால், வயிற்றுப்போக்கில் அதிகம் வாடுவது கைக்குழந்தைதான்.

செய்ய வேண்டியவை:

1. தண்ணீரைக் கொட்டி, சவர்க்காரம் போட்டுப் பிரஷால் அழுத்தித் தேயுங்கள். மூலையையும் மூடியையும் விடாதீர்கள்.

2. நன்றாகக் கழுவியபின், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வாசனை சேர்க்காத குளோராக்ஸ் கலந்து உள்பக்கம் முழுதும் நனையுங்கள். அரை நிமிடமாவது ஈரம் நிற்கட்டும். பிறகு கொட்டிவிட்டுக் கவிழ்த்துக் காய வையுங்கள். குளோராக்ஸோடு வேறு திராவகம் எதையும் கலக்காதீர்கள். நச்சுப் புகை வரும்.

3. அடியில் பழைய தண்ணீர் கிடக்க, மேலே புதுத் தண்ணீர் பிடிக்காதீர்கள். எப்போதும் மூடி வையுங்கள்.

படலம் தடித்து வளர நாள் பிடிக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவும் வீட்டில் அது தடிக்க வாய்ப்புக் குறைவு.