ஊர்ப் பிரச்சினையை ஆராயும் பிள்ளைக்கு யார் வழிகாட்டி?

ஒன்பதாம் வகுப்பிலோ பதினோராம் வகுப்பிலோ படிக்கும் பிள்ளை, "நம்ம ஊர்த் தண்ணியைப் பத்தி ஒரு ப்ராஜெக்ட் பண்ணப்போறோம், யார்கிட்ட கேக்கலாம்?" என்று வந்து நின்றால், பெற்றோருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏதாவதொரு பெரிய நிறுவனத்தின் பெயர்தான். ஐஐடியில் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா, அண்ணா பல்கலைக்கழகத்தில் யாரையாவது பிடிக்கலாமா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பிள்ளை கேட்கும் கேள்வி என்ன என்று தெளிவான பிறகுதான் அதற்கு ஏற்ற ஆளைத் தேட முடியும்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதில் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறையும் தோன்றும். எவ்வளவு துலக்கினாலும் போகாது. இந்த ஊர்களுக்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. "காவிரித் தண்ணீர் வந்த பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளின் பற்கள் மாறியிருக்கின்றனவா?" என்று ஒரு மாணவர் குழு கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதே கேள்வியோடு வெவ்வேறு ஆட்களிடம் போனால் என்ன கிடைக்கும்?

முதலில் பள்ளியின் அறிவியல் ஆசிரியர். ஃப்ளோரைடு பற்றிப் பாடப்புத்தகத்துக்கு மேல் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அது பெரிய குறை இல்லை. குழுவில் யார் கணக்கில் கெட்டி, யார் வீடு வீடாகப் போய்க் கூச்சமில்லாமல் பேசுவார், யாருக்கு மாலையில் வீட்டு வேலை இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்குவதும், அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வேலையை நிறுத்திப் பிறகு விட்ட இடத்தில் தொடங்கவைப்பதும் அவரால் முடிகிற காரியம். வாரம் ஒருமுறை குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து, "போன வாரம் பன்னிரண்டு வீடு எழுதியிருக்கே, இந்த வாரம் ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று கேட்க ஒருவர் இல்லாவிட்டால் மாணவர் ஆய்வு எதுவும் முடிவதில்லை. அவருடைய சிக்கல் நேரம். பாடம், தேர்வு, பதிவேடு எல்லாவற்றுக்கும் நடுவில்தான் இதைச் செய்கிறார். ஆகவே ஒரு குழுவுக்கு மேல் அவர் தலையில் கட்டாதீர்கள். 10, 12 பொதுத்தேர்வு ஆண்டுகளையும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து கல்லூரிப் பேராசிரியர். ஃப்ளோரைடைத் துல்லியமாக அளக்கும் கருவி அவருடைய துறையில் இருக்க வாய்ப்புண்டு. அதைவிட முக்கியம், மாதிரியை எப்படி எடுப்பது என்று சொல்லித்தர அவரால் முடியும். ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடிக் குப்பி கூடாது, பிளாஸ்டிக் குப்பி வேண்டும். எடுக்கப்போகும் தண்ணீராலேயே குப்பியை அலசிவிட்டுப் பிறகு நிரப்ப வேண்டும். எந்தத் தெரு, எந்தக் குழாய், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதை அங்கேயே நின்று குப்பியின் மேல் எழுத வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பிறகு ஒருமுறை எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு மதிய நேரத்தில் அவர் சொல்லிக்கொடுக்கும் இந்த ஒழுங்கு பிள்ளையோடு ஆயுசுக்கும் இருக்கும்.

ஆனால் ஓர் ஆபத்து உண்டு. பிள்ளைகளின் கேள்வி மெல்ல மெல்லப் பேராசிரியரின் கேள்வியாகிவிடும். அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஆராய்ச்சியில் ஒரு துண்டை வெட்டிக் கொடுப்பார், அவருடைய ஆராய்ச்சி மாணவர் அளப்பார், நம் பிள்ளை சார்ட் எழுதி மேடையில் ஒப்பிக்கும். நடுவர் ஒருவர், "இந்த 2.3 எப்படி வந்தது?" என்று கேட்டதும் பிள்ளை ஆசிரியரின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். எனக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்காது. கல்லூரியை நாடுங்கள், ஆனால் இரண்டு மூன்று முறை போய்வரும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பொறுப்பையும் அங்கே ஒப்படைக்க வேண்டாம்.

மூன்றாவது, பொறியாளர். நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் உங்கள் பள்ளியில் இருந்தால், தன்னார்வமாக வரும் வழிகாட்டிகளும் கிடைக்கலாம். ஒரு ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி உண்டு. 3டி பிரிண்டர், சென்சார், ஆர்டுயினோ எல்லாம் இருக்கும். சாலை ஓரக் குப்பைத் தொட்டி நிரம்பியதைச் சொல்லும் கருவி, பார்வையற்றோருக்கான கைத்தடி போன்ற முயற்சிகளுக்கு இவர்கள்தான் சரி. நம் கேள்விக்கு இவர் பொருந்த மாட்டார். தண்ணீர் என்றதும் பொறியாளரும் பிள்ளைகளும் முதலில் கையில் எடுப்பது டிடிஎஸ் மீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மொத்தமாக எவ்வளவு என்பதை மின்கடத்தும் திறனை வைத்து அது ஏறக்குறையச் சொல்லும். அந்த 800, 1000 மில்லிகிராமுக்குள் ஃப்ளோரைடு 1 இருக்கிறதா 3 இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அப்படியிருந்தும் அறிவியல் கண்காட்சிகளில் "நீரின் தரம்" என்ற தலைப்பின் கீழ் டிடிஎஸ் மீட்டரையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். கையில் இருக்கும் கருவி கேள்வியை மாற்றிவிடுகிறது. என்ன செய்ய வேண்டும் என்பது முடிவான பிறகு, அதைச் செய்துதர ஆள் தேவைப்படும்போது பொறியாளரிடம் போங்கள்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கரின் சூரிய இஸ்திரி வண்டி இதற்கு நல்ல சான்று. இஸ்திரி போடுபவர் எரித்துக் கொட்டும் கரியைப் பார்த்துக் கேள்வி எழுப்பியதும் தீர்வை யோசித்ததும் அவர். வண்டியை உருவாக்கத் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை உதவியது. 2021-இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் அவர் பேசியதை உலகமே கேட்டது.

நான்காவதாக வருபவர்களை யாரும் வழிகாட்டி என்று அழைப்பதில்லை. என் கணக்கில் முதலிடம் இவர்களுக்குத்தான். ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர், கிராம சுகாதார செவிலியர், அரசு மருத்துவமனைப் பல் மருத்துவர், மாவட்டத்தில் இருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடப் பணியாளர். காவிரித் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு உண்மையில் வந்து சேர்ந்தது, எந்த நாட்களில் போர்வெல் தண்ணீரையும் கலந்து விடுகிறார்கள் என்பதை டேங்க் ஆபரேட்டரைத் தவிர யாரும் சொல்ல முடியாது. எந்த அறிக்கையிலும் அது இருக்காது. அந்த ஒரு தகவல் இல்லாமல் நம் ஆய்வே இல்லை.

பல் மருத்துவர் இன்னொரு பெரிய பிழையிலிருந்து காப்பாற்றுவார். பிள்ளைகள் இயல்பாக என்ன செய்வார்கள்? தங்கள் வகுப்பு நண்பர்களின் பற்களைப் பார்த்து, இன்றைய குழாய்த் தண்ணீரை அளந்து, இரண்டையும் பக்கத்தில் வைப்பார்கள். இது தவறு. நிலையான பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில்தான் ஃப்ளோரைடு இந்தக் கறையை உண்டாக்குகிறது. முன்பற்களுக்கு அது முதல் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடும், ஞானப்பல்லை விட்டால் மற்றவற்றுக்கும் எட்டு வயதுவாக்கில் முடிந்துவிடும். ஆகவே பதினாறு வயதுப் பிள்ளையின் முன்பல், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் இருந்த தண்ணீரின் பதிவேடு. காவிரித் தண்ணீர் தெருவுக்கு வரும் முன் பிறந்தவர்கள் ஒரு குழு, வந்த பின் பிறந்து இப்போது நிலையான முன்பல் முளைத்துவிட்டவர்கள் இன்னொரு குழு என்று பிரித்தால்தான் கேள்விக்கு விடை வரும். பல் மருத்துவரிடம் பத்து நிமிடம் பேசினால் இது தெரிந்துவிடும். பேசாவிட்டால் ஆறு மாத உழைப்பு வீண். ஒவ்வொரு வீட்டிலும் பெற்றோரின் சம்மதத்தை எழுதி வாங்க வேண்டும், பிள்ளையின் முகம் தெரியும்படி படம் எடுக்கக் கூடாது என்பதையும் இவர்கள் சொல்லித்தருவார்கள். கறை படிந்த பல்லைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே வருத்தம் இருக்கும்.

கட்டணம் வாங்கும் இணைய வழிகாட்டல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்காக நடப்பவை இவற்றில் நிறைய. "கட்டுரை வெளியிட்டுத் தருகிறோம்" என்று முன்கூட்டியே உறுதி கொடுப்பவரிடம் போகாதீர்கள். உங்கள் தெருக் குழாயைப் பார்க்காதவர் மேற்சொன்ன எதையும் செய்ய முடியாது.

எந்தத் திட்டத்தில் சேர்வது என்பதும் கேள்வியைப் பொறுத்ததே. ஊரில் களஆய்வு செய்து, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதி, 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் குழுவாகச் செய்வதற்கு 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டு முறைக்கு நிகர் இல்லை. தமிழகத்தில் அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். உங்கள் மாவட்டத்தில் அதன் கிளை இருந்தால் நேரில் போய்ப் பேசுங்கள், கைகொடுக்கும் ஆசிரியர்கள் கிடைப்பார்கள். பல் ஆய்வுக்கு இதுவே என் தேர்வு. ஒரு பிள்ளையின் தனி யோசனை, அதுவும் ஒரு கருவி என்றால், 10,000 ரூபாயை மாணவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்பும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளி வழியாகப் பதிவு செய்யலாம். குழுவாகத் தீர்வு ஒன்றை வடிவமைக்க விரும்பும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மாநில அரசின் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவதால் தலைமை ஆசிரியரிடம் அந்த ஆண்டுச் சுற்றறிக்கையைக் கேட்டுப் படியுங்கள்.

ஒருவரை முடிவு செய்யும் முன் பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். அவர் உங்களைப் பார்த்துப் பேசுகிறாரா, பிள்ளையைப் பார்த்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். "எதிர்பார்த்த விடை வராவிட்டால் என்ன செய்வீர்கள் சார்?" என்று பிள்ளையே கேட்கட்டும். "வந்ததை அப்படியே எழுதுவோம்" என்பவரை விட்டுவிடாதீர்கள். காவிரித் தண்ணீர் வந்தும் பற்கள் மாறவில்லை என்று தெரிந்தால் அதுவும் ஊருக்கு வேண்டிய செய்திதான். எங்கோ போர்வெல் தண்ணீர் இன்னும் கலக்கிறது என்று அதற்குப் பொருள் இருக்கலாம்.

ஆக, என் முடிவு: பள்ளி ஆசிரியர் பொறுப்பாளர், டேங்க் ஆபரேட்டரும் செவிலியரும் பல் மருத்துவரும் ஆலோசகர்கள், அளவீட்டுக்கு மட்டும் கல்லூரி அல்லது குடிநீர் வாரியப் பரிசோதனைக்கூடம். பொறியாளர் பிறகு வரட்டும். தமிழகத்தில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. எந்தப் போட்டியில் பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பிள்ளைகள் தங்கள் எண்களை அங்கே வாசிக்க வேண்டும். அன்று பக்கத்தில் வந்து உட்காரச் சம்மதிக்கும் ஆசிரியரை ஜூன் மாதமே கேட்டு வையுங்கள்.