தேநீரின் சாயமும் பயனும்

கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிச் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. ஷிப்டு மாறும் வேளையில் அங்குள்ள தேநீர்க் கடைகளில் "ஸ்டிராங்காக ஒன்று" என்னும் குரலே மிகுதியாக ஒலிக்கும். குறிஞ்சிப்பாடியில் தறியில் அமரும் நம் நெசவாளரும் அவ்வாறே கேட்பர். சாயம் கறுக்கக் கறுக்கச் சத்து மிகும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். அது எவ்வளவு தூரம் மெய் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பசுந்தேயிலையில் கேட்டச்சின் எனப்படும் பொருள்கள் உள்ளன. தொழிற்சாலையில் இலையை வாட்டி நசுக்குங்கால், இலையிலுள்ள நொதியும் காற்றும் சேர்ந்து அவற்றுள் பெரும்பகுதியைத் தியாஃபிளேவின், தியாரூபிகின் என்னும் வேறு பொருள்களாக மாற்றுகின்றன. முன்னது தேநீருக்குப் பொன்னிற ஒளியும் சுறுசுறுப்பான சுவையும் தருவது. பின்னது செம்பழுப்பு நிறம் தருவது. இவை யாவும் பாலிஃபீனால் வகையைச் சேர்ந்தவை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் உடையவை. ஆய்வுக்கூடக் குழாயில் காணும் அவ்வாற்றல் முழுவதும் உடலிலும் நிகழும் என்று எண்ணுதல் கூடாது. தேநீரை மருந்தென விற்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

சாயத் தொட்டியில் பழகிய நெசவாளருக்கு எஞ்சிய செய்தி எளிதில் விளங்கும். வெந்நீரின் சூடு, ஊறும் நேரம், கலக்குதல், தூளின் பருமன் ஆகிய நான்குமே சாறு இறங்குவதை முடிவு செய்கின்றன. நீர் ஆறியிருந்தால் பாலிஃபீனால் குறைவாகவே இறங்கும். ஆதலின் கறுப்புத் தேயிலைக்குக் கொதிநீரே ஏற்றது. நீலகிரியின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் உட்படப் பல ஆலைகள் செய்யும் சி.டி.சி. தூள் சிறு மணிகளாக இருப்பதால், முழு இலையை விட விரைவில் சாறு விடும். பெரும்பகுதி முதல் மூன்று முதல் ஐந்து நிமிடங்களிலேயே இறங்கிவிடுகிறது. தேநீரைச் சுவைத்து மதிப்பிடுவதற்கான உலகத் தர முறையும் 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்றே வகுத்துள்ளது.

அதற்கு மேல் அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? நிறம் கறுக்கும், துவர்ப்பு ஏறும். ஆனால் நெடுநேரச் சூட்டில் தியாஃபிளேவின் சிதைகிறது. காலையில் வடித்த டிகாஷனை நண்பகல் வரை சூட்டிலேயே வைத்திருக்கும் கடையில் நாம் பெறுவது கறுத்த நீரேயன்றிச் சிறந்த தேநீர் அன்று. கடைக்காரரைக் குறை கூறிப் பயனில்லை. கேட்பவர் கேட்பது அந்நிறத்தையே அன்றோ!

பால் சேர்ப்பதைப் பற்றி அறிஞரிடையே உடன்பாடு இல்லை. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் பாலிஃபீனாலைப் பற்றிக்கொள்கிறது; துவர்ப்புக் குறைவது அதனாலேயே. 2007-இல் பெர்லின் நகர மருத்துவ அறிஞர்கள் 16 பெண்களிடம் செய்த சோதனையில், தேநீரால் இரத்தக் குழாய் விரிந்து கொடுத்தது. பால் கலந்தபோது அப்பயன் காணப்படவில்லை. பால் கலந்தாலும் இரத்தத்தில் சேரும் கேட்டச்சின் குறைவதில்லை எனக் காட்டிய ஆய்வும் உண்டு. பதினாறு பேரிடம் கண்டதைக் கொண்டு பாலைக் கைவிடச் சொல்ல நாம் துணியோம்.

இவற்றினும் முதன்மையான செய்தி ஒன்று உண்டு. இதே பாலிஃபீனால்கள், சோறு, பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைப் பற்றி உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. உணவோடு தேநீர் அருந்தியபோது இரும்பு ஏற்பு பாதிக்கு மேல் குறைந்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர். பாவு ஓட்டியும் ஊடை நூல் சுற்றியும் உழைக்கும் நம் இல்லத்துப் பெண்கள், உணவு முடிந்தவுடன் அருந்தும் கறுத்த தேநீர் அவர்களுக்குக் கேடே செய்யும். சாறு எவ்வளவு நன்றாக இறங்கியதோ அவ்வளவுக்குத் தடையும் மிகும்.

ஆதலின், கொதிநீரில் தூளை இட்டு, மூடி, நான்கு நிமிடத்தில் வடித்து, உடனே அருந்துக. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுக. பாலின்றி அருந்துவோர் எலுமிச்சைச் சாறு சில துளி சேர்க்கலாம். அப்போது நிறம் வெளுப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா. புளிப்பினால் தியாரூபிகினின் நிறம் மாறுகிறதேயன்றி அப்பொருள் நீரிலிருந்து அகலுவதில்லை.