புதியோரைப் போற்றியவர்

காவிரி பாயும் தஞ்சை மண்ணில், நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் 1930ஆம் ஆண்டு பிறந்தவர் கே. பாலசந்தர். முத்துப்பேட்டையில் ஆசிரியராகவும், பின்னர்ச் சென்னையில் தலைமைக் கணக்காயர் அலுவலகத்திலும் பணியாற்றிய அவர், அலுவல் ஒழிந்த வேளைகளில் நாடகங்கள் எழுதினார். அந்நாடகங்களே அவரைத் திரையுலகிற்கு அழைத்துச் சென்றன. 1964இல் 'தெய்வத்தாய்' படத்திற்கு உரையாடல் எழுதினார்; மறு ஆண்டே 'நீர்க்குமிழி'யை இயக்கினார்.

பெரும்பொருள் முடங்கும் தொழில் திரைப்படம். ஆதலின் அறிந்த முகங்களையே நாடுதல் அத்தொழிலோர் இயல்பு. பாலசந்தரோ புதியோரைத் தேடினார். பெங்களூரில் பேருந்து நடத்துநராயிருந்து, சென்னையில் நடிப்புப் பயின்ற இளைஞருக்கு ரஜினிகாந்த் எனப் பெயரிட்டு, 1975இல் 'அபூர்வ ராகங்கள்' படத்தில் அறிமுகம் செய்தார். 2014இல் மறைந்த அவர் நிறுவிய கவிதாலயா, பிறர் திறனுக்கும் நாற்றங்காலாயிற்று. 1992இல் அந்நிறுவனம் தயாரித்த 'ரோஜா'வை இயக்கியவர் மணிரத்னம். ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து வெளிவந்த முதற்படம் அதுவே. அப்போது அவருக்கு அகவை 25.