மாருதி 800 யாருடைய கார்?

அப்பா 1992-இல் வாங்கிய மாருதி 800 இன்னும் ஓடுகிறது. 'சஞ்சய் காந்தி உருவாக்கிய கார்' என்கிறார் மாமா. 'ஜப்பான் கார்' என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி?
– வாசகர், கீழ்பென்னாத்தூர்

மெக்கானிக்தான் ஜெயித்தார். மாமாவுக்கு ஆறுதல் பரிசாகப் பெயரை மட்டும் கொடுத்துவிடலாம். 1971-இல் தொடங்கிய சஞ்சயின் மாருதி நிறுவனம் மாதிரி வண்டிகளோடு நின்றுபோனது. 1980-இல் அவரும் விமான விபத்தில் இறந்தார். பிறகு அரசு தொடங்கிய மாருதி உத்யோக், 1982-இல் சுசூகியுடன் கைகோத்தது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை உரிமையாளரிடம் கொடுத்தவர் இந்திரா காந்தி.

அந்த வண்டி சுசூகியின் ஃப்ரான்ட்டே. அப்போது ஜப்பானில் சலுகை பெறும் குட்டிக் கார்களுக்கு எஞ்சின் வரம்பு 550 சி.சி. வெளிநாடுகளுக்கென்று 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினார்கள். உங்கள் வண்டியிலும் அதே எஞ்சின்தான். ஆனால் உடல் வேறு: 1986-இல் புதிய ஆல்ட்டோவின் வடிவத்துக்கு மாறிவிட்டார்கள்.

ஆகவே கண்ணாடி, விளக்கு, பம்பர் வாங்கும்போது '86-க்குப் பிந்தைய மாடல், கார்பரேட்டர் வண்டி' என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். எஞ்சின் பற்றிக் கவலை வேண்டாம். ஆம்னி வேனிலும் இதே எஞ்சின் ஓடியதால், ஆம்னி பார்த்துப் பழகிய கை உங்கள் வண்டிக்குப் போதும்.