டுபாய் எவ்வளவு தூரம்?

முதன்முறையாக டுபாய்க்குச் சாமான் எடுக்கப் போகும் ஒரு தம்பி சென்ற வாரம் என் கடைக்கு வந்தார். "நானா, காலை 10.00 மணிக்கு கட்டுநாயக்கவில் ஏறினால் பகல் 1.00 மணிக்கு டுபாயில் இறங்கலாம் என்று டிக்கட்டில் இருக்கிறது. மூன்று மணித்தியாலம்தானே?" என்றார். "இல்லை தம்பி, நாலரை" என்றேன். அவர் நம்பவில்லை. அவரைப் போல எண்ணுவோர் பலர் என்பதால் இதை எழுதுகிறேன்.

டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நமது நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. டுபாய் நேரம் நான்கு மணித்தியாலம் முந்தியது. வித்தியாசம் ஒன்றரை மணித்தியாலம். போகும்போது இதைக் கூட்ட வேண்டும், வரும்போது கழிக்க வேண்டும். அங்கே பகல் 2.30க்கு ஏறி இங்கே இரவு 8.15க்கு இறங்கினால் ஐந்தே முக்கால் மணித்தியாலம் போலத் தெரியும். உண்மையில் நாலேகால்தான்.

தூரத்தை வைத்தும் சரிபார்க்கலாம். இரு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்வழியில் சுமார் 3,300 கிலோமீற்றர். ஜெட் விமானம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் பறக்கும். வகுத்துப் பார்த்தால் நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஓடுபாதைக்குப் போகவும், மேலேறவும், இறங்கவும் அரை, முக்கால் மணித்தியாலம் சேருங்கள். மேல்காற்றைப் பொறுத்து கொஞ்சம் கூடும், குறையும்.

இந்தக் கணக்கை நான் பணம் கொடுத்துத்தான் படித்தேன். 1996 ஒக்டோபர் முதல் நமது நேரம் கிரீன்விச்சைவிட ஆறு மணித்தியாலம் முந்தியிருந்தது. அப்போது டுபாய்க்கு வித்தியாசம் இரண்டு. வீட்டுக்குக் கோல் எடுக்க வசதியாக, அங்கு போனாலும் கைக்கடிகாரத்தை மாற்றாமல் இரண்டைக் கழித்தே பழகியிருந்தேன். 2006 ஏப்ரலில் நமது நேரத்தை அரை மணித்தியாலம் பின்தள்ளினார்கள். அவ்வருடம் மொத்தக் கடையில் பேரம் பேசியிருந்துவிட்டு பழைய பழக்கத்தில் இரண்டைக் கழித்தேன். 1.15க்கு வந்துவிட்டேன் என்று நினைத்து கவுண்டருக்குப் போனால் அங்கே மணி 1.45. விமானம் 2.30க்கு. 1.30க்கே கவுண்டரை மூடிவிட்டார்கள். டிக்கட் மாற்றிய காசு ஒருபுறம். மறுநாள் என்னை நம்பிக் கடைக்கு வந்த குருநாகல் வியாபாரி வேறு இடத்தில் சாமான் எடுத்துப் போனது மறுபுறம். பிந்தியது அரை மணித்தியாலம், போனது ஒரு வாடிக்கையாளர்.

இன்னொன்று. கல்முனையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ரோட்டில் எட்டு மணித்தியாலம். விமான நிலையத்தில் மூன்று, பறக்க நாலரை, அங்கே குடிவரவும் பெட்டியும் முடிய ஒன்றரை. மொத்தம் பதினேழு. ஆகாயத்தில் இருப்பது அதில் கால்பங்கு மட்டுமே. இறங்கிய அன்றே பேரம் பேச நேரம் கொடுத்தால் களைத்த தலையோடு விலை பேச வேண்டிவரும்.

போகும் கிழமையையும் பாருங்கள். முன்பு அங்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. 2022 ஜனவரியிலிருந்து அரச அலுவலகங்களுக்கு வெள்ளி அரைநாள், சனி, ஞாயிறு விடுமுறை. பத்திர வேலை இருந்தால் திங்கட்கிழமை அங்கு இருக்கும்படி போங்கள்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: விமானம் தரையைத் தொட்டதும் முதல் வேலையாகக் கடிகாரத்தை அந்த ஊர் நேரத்துக்குத் திருப்புங்கள். அதற்குக் காசு செலவில்லை.