செருப்பும் ஒரு மெஷின் பார்ட்தான்!
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

ஃபிட்டிங் செக்‌ஷனில் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே ஃபைல் போட்டவர்களுக்குக் கால்வலி என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நமக்கு அது ராத்திரி படுத்தால் போய்விடும். எங்க அம்மாவுக்குப் போகாது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகாலில் ஆணி இறங்கின மாதிரி இருக்கும் என்பார். குடும்பத்தோடு எங்கே கிளம்பினாலும், "நீங்க போய்ட்டு வாங்க, நான் பஸ்லயே உட்கார்ந்திருக்கேன்" என்பதுதான் பதில். அதனால்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

பாதத்தில் 26 எலும்புகள். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லுக்கு நாண் கட்டியது போல ஒரு தசைநார்ப் பட்டை ஓடுகிறது. ராத்திரி முழுக்க அது சுருங்கிக் கிடந்து, காலையில் முதல் அடியில் சட்டென்று இழுபடுகிறது. குதிகால் வலி பெரும்பாலும் இங்கேதான்.

இனி நம்ம பாடம். அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு. 60 கிலோ எடையுள்ளவர் நடக்கும்போது ஒரு கணம் முழு எடையும் ஒரே குதிகாலில் இறங்குகிறது. குதிகாலோ உருண்டை. கெட்டியான சோலில் 10 சதுர செ.மீ. மட்டும் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம், சதுர செ.மீ.க்கு 6 கிலோ. மெத்தென்ற சோலில் குதிகால் கொஞ்சம் புதைந்து 20 சதுர செ.மீ. தொட்டால் 3 கிலோதான். அப்படியென்றால் ரொம்ப மெத்தையாக வாங்கினால் போதுமா? போதாது. அளவுக்கு மீறி மெத்தென்றிருந்தால் சோல் முழுக்க நசுங்கி, கால் தரையையே தொட்டுவிடும், கணுக்காலும் ஆடும். கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கணும், எடுத்ததும் எழும்பணும்.

கடைகளில் 'எம்.சி.ஆர்.' என்று கேட்டால் தருவார்களே, அது மைக்ரோசெல்லுலர் ரப்பர். உள்ளே நுண்ணிய காற்றறைகள் கொண்டது. இதற்குப் பின்னால் நம்ம ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் புண் வராமல் தடுக்க இந்த மாதிரி ரப்பர் செருப்புகளில் பாடுபட்டார். இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கும் அதுவே கைகொடுக்கிறது.

சாதா ஹவாய் செருப்பு பாத்ரூமுக்குச் சரி. பத்துக் கிலோமீட்டருக்குச் சரியில்லை. அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் ஒவ்வொரு அடியிலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பின்வார் உள்ள சாண்டல் அந்த வேலையை மிச்சப்படுத்தும். பி.யூ. சோல் இலேசானது, நல்லதுதான். ஆனால் கல்யாணத்துக்கு மட்டும் போடலாம் என்று வருஷக்கணக்காகப் பீரோவில் பூட்டி வைத்தால், காற்றின் ஈரம்பட்டு மாவாக உதிர்ந்துவிடும்!

வாங்கப் போவதென்றால் சாயங்காலம் போங்கள். அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலுக்கும் போட்டு, நின்று பார்க்கணும். நீளமான விரலுக்கு முன்னால் சுமார் ஒரு செ.மீ. இடம் வேண்டும். சோலை மடக்கிப் பாருங்கள்: விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்லது, நட்டநடுவில் வளைந்தால் கீழே வைத்துவிடலாம். குதிகால் வலிக்காரர்களுக்குச் சுத்தமாகத் தட்டையானது வேண்டாம், ஒன்றிரண்டு செ.மீ. உயரமும் உள்வளைவுக்குத் தாங்கலும் இருக்கட்டும். "போடப் போட லூஸாயிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். லூஸாவதற்குள் கொப்புளம் வந்துவிடும்.

புதுச் செருப்பை டூர் அன்றைக்கு முதன்முதலாகப் போடாமல், நான்கைந்து நாள் வீட்டுப் பக்கமே போட்டுப் பழகணும். குற்றாலம் என்றால் அடியில் ஆழமான வரி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வழவழ சோல் ஈரப்பாறையில் வழுக்கும். கோயில் ஊர்களுக்கு வெல்க்ரோ வார்; வயதானவர்கள் ஒவ்வொரு சந்நிதி வாசலிலும் குனிந்து பக்கிள் மாட்ட வேண்டாம் பாருங்கள்.

திருவண்ணாமலை கிரிவலம் மட்டும் தனி. 14 கிலோமீட்டரையும் பலர் வெறுங்காலோடுதான் சுற்றுகிறார்கள். வீட்டில் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர் இருந்தால், அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, செருப்போடு நடக்கச் சொல்லுங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். கல்லோ ஆணியோ இருந்தால் அவருக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள்.